ஸ்டீல் ரிம்மில் துரு: வீட்டிலேயே சுரண்டி, ப்ரைமர் போட்டு, பெயிண்ட் அடிக்க முழுமையான வழிகாட்டி

வீல் கேப்பைக் கழற்றிப் பாருங்கள். வேகன் ஆரோ ஆல்டோவோ, ஏழெட்டு மழைக்காலம் பார்த்த வண்டி, அதிலும் திருவான்மியூரிலோ தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ கடற்காற்றில் நிற்கும் வண்டி என்றால், அந்த வெள்ளி நிற பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் செம்பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும். பலர் புது வீல் கேப் ஒரு செட் வாங்கி மாட்டிவிட்டு அதை மறந்துவிடுகிறார்கள். சிலர் ஒரு ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்து துருவின் மேலேயே வெள்ளி நிறத்தை அடித்துவிடுகிறார்கள். அடுத்த ஐப்பசி மழை ஓய்வதற்குள் அது கொப்புளித்து உரிந்துவிடும். இரும்பு துருவானால் இருந்த இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். மேலே எவ்வளவு நல்ல பெயிண்ட் இருந்தாலும் துரு அதைத் தூக்கிவிடும்.

ஸ்டீல் ரிம்மைக் காப்பாற்றுவது பெயிண்டுக்கு அடியில் நடக்கிற வேலை. மொத்த நேரத்தில் முக்கால் பங்கைச் சுத்தம் செய்வதற்கு ஒதுக்குங்கள். அதிலும் பெரும்பகுதி, யார் கண்ணிலும் படாத பின்பக்கத்துக்குப் போகட்டும். இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

துரு எங்கே உட்கார்கிறது

ஸ்டீல் ரிம் ஒரே துண்டு இல்லை. டயர் உட்காரும் வெளி வளையத்தைத் தகட்டை உருட்டி, வெல்டு வைத்துச் செய்கிறார்கள். போல்ட் துளைகள் உள்ள நடுத்தட்டைப் பிரஸ்ஸில் அழுத்தி எடுக்கிறார்கள். பிறகு ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி வெல்டு வைக்கிறார்கள். சென்னை பாடியில் உள்ள வீல்ஸ் இந்தியா போன்ற தொழிற்சாலைகளில் பல பத்தாண்டுகளாக இந்த வேலை நடக்கிறது. வெல்டு முடிந்ததும் பாஸ்பேட் குளியல். அடுத்து, மின்சாரம் பாய்ச்சிய ப்ரைமர் தொட்டியில் முக்கி, அடுப்பில் சுடுகிறார்கள். அந்த ப்ரைமர் ரிம்மின் மூலைமுடுக்கெல்லாம் பிடித்திருக்கும். வீட்டில் நாம் எதைப் பூசினாலும் அதற்கு ஈடாகாது. அதனால் கம்பெனிப் பூச்சு உறுதியாக ஒட்டியிருக்கும் இடத்தைச் சுரண்டி எடுக்கவே எடுக்காதீர்கள். லேசாகத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் போதும்.

துரு முதலில் பிடிக்கும் இடங்கள் எல்லா வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றேதான். வளையமும் நடுத்தட்டும் சேரும் இடுக்கில் சேறும் தண்ணீரும் தங்கும். வீல் கேப் இருந்தால் அந்த ஈரம் காய நாளாகும். ரிம்மின் வெளி விளிம்பில், சக்கரம் அதிராமல் சுற்றுவதற்காக மாட்டும் பேலன்சிங் ஈயத்தைச் சுத்தியலால் தட்டி மாட்டும்போது பெயிண்ட் உடைந்திருக்கும். காற்றுத் துளைகளின் கூர்மையான ஓரங்களில் பெயிண்ட் எப்போதுமே மெல்லியதாகத்தான் நிற்கும். கடைசியாக, டயர் உட்காரும் மேடை. அங்கே துரு பிடித்தால் டியூப்லெஸ் டயரில் வாரம் இரண்டு மூன்று பிஎஸ்ஐ காற்று காணாமல் போகும். பஞ்சர் கடையில் டயரை எத்தனை முறை தொட்டியில் முக்கிப் பார்த்தாலும் ஆணி கிடைக்காது. ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். டயரும் ரிம்மும் சேரும் கோட்டில் குமிழி வந்தால் வில்லன் பெரும்பாலும் துருதான்.

இந்த ரிம் பெயிண்டுக்குத் தகுதியானதா?

பெயிண்ட் குறையை மறைக்கும். அதனால் ரிம்மைப் பார்க்க வேண்டியது அடிப்பதற்கு முன்னால். போல்ட் துளைகளைச் சுற்றியும், காற்றுத் துளைகளின் மூலைகளிலும், வெல்டு ஓரத்திலும் முடி போன்ற விரிசல் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கிருந்து துரு ஒற்றைக் கோடாக வடிந்திருந்தால் சந்தேகப்படுங்கள். போல்ட் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால், நட்டு லூசாக ஓடிய ரிம் அது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தும்போது இரும்பு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தாலும் அந்த ரிம்முக்கு இனி வண்டியில் இடமில்லை. வெல்டு வைத்து ஒப்பேற்ற வேண்டாம், பட்டி பார்த்துக் குழியை மூடவும் வேண்டாம். புது ஸ்டீல் ரிம் அலாய் வீலைப் போல விலை ஏறியது இல்லை. சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய ரிம்கூட வாங்கலாம். அதையும் இதே பரிசோதனை செய்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

விளிம்பு கோணலா என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. ஜாக்கியில் தூக்கிய சக்கரத்துக்குப் பக்கத்தில் அசையாமல் ஒரு குச்சியை வைத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். குச்சிக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளி கூடிக் குறைந்து வந்தால் ரிம் வளைந்திருக்கிறது.

எச்சரிக்கை ஒன்று. டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டு வைக்கவோ தீ காட்டவோ கூடாது. காற்றை இறக்கியிருந்தாலும் கூடாது. உள்ளே சூடேறும் ரப்பர் வாயுவாகி டயர் வெடிக்கும். ஆளைக் கொல்லும் வெடிப்பு அது.

நாள், நேரம், எந்த ரிம்மில் தொடங்குவது

தமிழ்நாட்டின் கடற்கரையில் இந்த வேலைக்குத் தை, மாசி மாதங்களைப்போல நல்ல காலம் இல்லை. வடகிழக்குப் பருவமழை போயிருக்கும், கத்திரி வெயில் வந்திருக்காது. காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டாம். இரும்பின் சூடு பனிப்புள்ளியைவிட (காற்றின் ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது கப்பல் கட்டுகிறவர்கள் முதல் பாலம் கட்டுகிறவர்கள் வரை பின்பற்றும் விதி. நம் வீட்டு வாசலுக்கும் அதுவே பொருந்தும். கைபேசியில் வானிலைச் செயலியைத் திறந்தால் ஈரப்பதம், பனிப்புள்ளி இரண்டும் கிடைக்கும்.

சென்னையில் காலை ஒன்பது மணிக்குமேல், நண்பகல் கடல்காற்று உள்ளே நுழைவதற்குள் பூசி முடிப்பது உத்தமம். மே மாதம் உச்சிவெயிலில் ரிம்மைத் தொட்டால் கை சுடும். அந்தச் சூட்டில் ஸ்ப்ரே துளிகள் போய்ச் சேர்வதற்குள் காய்ந்து, மேற்பரப்பு மணல் தூவினாற்போல் ஆகிவிடும். நிழலில், காற்றோட்டமாக, தூசி கிளம்பாத இடத்தில் செய்யுங்கள். முந்தின மாலை தரையில் தண்ணீர் தெளித்து வையுங்கள். காலையில் தூசி அடங்கியிருக்கும், தரையும் காய்ந்திருக்கும்.

முதல் ரிம்மாக ஸ்டெப்னியை எடுங்கள். டிக்கியில் கிடப்பதால் அதில் கை பழகலாம். அது முடிந்ததும் வண்டியில் மாட்டி, அங்கிருந்து கழற்றிய ரிம்மை அடுத்து எடுக்கலாம். இப்படி ஒவ்வொன்றாகச் செய்தால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். ஜாக்கியில் நாள்கணக்கில் நிற்க வேண்டியதில்லை. உங்கள் ஸ்டெப்னி மற்ற நான்கைவிடச் சின்ன அளவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன ஸ்டெப்னிக்கு அதன்மேல் எழுதியிருக்கும் வேக வரம்பு உண்டு. அதை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் ஓட்டக் கூடாது.

வாங்க வேண்டியவை

சுரண்ட: கைக் கம்பி பிரஷ், டிரில்லிலோ கிரைண்டரிலோ மாட்டும் கப் பிரஷ், 80, 120, 220, 400 எண் உப்புத்தாள்கள், 600 எண் வாட்டர் பேப்பர், சமையலறைப் பச்சை நார் இரண்டு.

துடைக்க: கார் ஷாம்பு, நல்ல தின்னர், சாயம் போகாத பனியன் வேஸ்ட் துணி.

பூச: பாஸ்பாரிக் ஆசிட் வகைத் துரு நீக்கி, டூ பேக் எப்பாக்சி ப்ரைமர் (இரண்டு டின்னைக் கலந்து பூசுவது), ஒரு அங்குல பிரஷ், 400 மில்லி வீல் சில்வர் ஸ்ப்ரே டப்பாக்கள், கிளியர் கோட். 13 அங்குல ரிம்கள் ஐந்துக்கு இருபக்கமும் அடிப்பதென்றால் ஆறு முதல் எட்டு டப்பா சில்வரும் மூன்று நான்கு கிளியரும் எடுத்து வையுங்கள். பாதியில் தீர்ந்துபோய் வேறு கம்பெனி சில்வர் வாங்கினால் நிறம் சேராது.

உடம்புக்கு: முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடிக் கவசம், நைட்ரைல் கையுறை, ஆர்கானிக் வேப்பர் கேட்ரிட்ஜ் உள்ள மாஸ்க். மருந்துக் கடையில் கிடைக்கும் துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது.

ப்ரைமர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹார்டுவேர் கடையில் கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது ரெட் ஆக்சைடு. கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது சரி. ரிம்மில் பிரேக் சூடும் கல்லடியும் தேங்கும் தண்ணீரும் சேர்ந்து தாக்கும். சாதாரண ரெட் ஆக்சைடு அதற்குத் தாங்காது. துத்தநாகம் நிறைந்த ப்ரைமர் நல்ல பொருள்தான். துத்தநாகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். ஆனால் அதற்கு இரும்பை நேரடியாகத் தொட்டாக வேண்டும். பழைய பெயிண்ட் மேலோ துருவை மாற்றும் திரவம் விட்ட படலத்தின் மேலோ பூசினால் அந்தப் பயன் கிடைக்காது. வீட்டில் வெள்ளி போல இரும்பு தெரியும் அளவுக்கு எல்லா இடமும் சுத்தமாகாது என்பதால் என் ஓட்டு எப்பாக்சிக்கே. அது இரும்பையும், உப்புத்தாள் போட்ட பழைய பூச்சையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ளும், தண்ணீரை எளிதில் உள்ளே விடாது. படகுக்குப் பெயிண்ட் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள், சின்ன டின்னிலும் கிடைக்கும்.

மேல்பூச்சாக டூ பேக் பியூ (பாலியூரித்தேன்) பெயிண்ட் அடித்தால் இன்னும் உறுதி. ஆனால் அதன் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்ப்ரே அடிக்கும்போது அதைச் சுவாசித்தால் வாழ்நாள் ஆஸ்துமாவே வரலாம். வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகமூடி இல்லாமல் அதை வீட்டில் அடிக்காதீர்கள். பியூதான் வேண்டும் என்றால் சுத்தம் செய்து ப்ரைமர் வரை நீங்கள் முடித்துவிட்டு, மேல்பூச்சை வசதியுள்ள பெயிண்டரிடம் கொடுங்கள்.

கழற்றுதல்

சமதளம், ஹேண்ட் பிரேக், முதல் கியர், எதிர்ச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று தளர்த்திவிட்டு, அதன் பிறகு ஜாக்கியை ஏற்றுங்கள். வண்டிக்கு அடியில் கை கால் எதுவும் போக வேண்டாம். துருவால் ரிம் ஹப்போடு (வண்டியில் சக்கரத்தை மாட்டும் நடுப்பகுதி) ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால், நட்டுகளை லேசாக மாட்டிக்கொண்டு வண்டியை இறக்கி, ஓரிரு அடி முன்னும் பின்னும் நகர்த்தினால் விட்டுவிடும். ஜாக்கியில் நிற்கும் வண்டியில் சக்கரத்தைக் காலால் உதைப்பது ஆபத்து.

டயரைப் பஞ்சர் கடையில் பிரித்து வாங்கிவிடுவதே சிறந்தது. டயர் உட்காரும் மேடையைச் சுத்தம் செய்ய வேறு வழியே கிடையாது. பிரிக்கும்போதே பழைய ரப்பர் வால்வை வெட்டி எறியச் சொல்லுங்கள். திரும்ப மாட்டும்போது புது வால்வு போட வேண்டும். சில பத்து ரூபாய் செலவு, அதைச் சேமிப்பதில் பொருளில்லை. டயர் எந்தத் திசையில் சுற்றியது, எந்தச் சக்கரத்திலிருந்து வந்தது என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள்.

டயரைப் பிரிக்க மனமில்லாமல் வெளிமுகத்தை மட்டும் பூசுவதென்றால், காற்றை முழுவதும் இறக்கிவிட்டு, டயருக்கும் விளிம்புக்கும் இடையே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று சற்றுப் படியும்படி வட்டமாகச் செருகுங்கள். மேஸ்கிங் டேப்பைவிட இது சுத்தமாக நிற்கும், விளிம்பின் வளைவு வரை பெயிண்ட் போகும். இந்த முறையில் காற்று கசியும் ரிம் சரியாகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கழுவி, துரு எடுத்தல்

உப்புத்தாளைத் தொடுவதற்கு முன் கழுவ வேண்டும். கிரீஸ் மேல் உப்புத்தாள் போட்டால் அந்த கிரீஸை இரும்பின் கீறல்களுக்குள்ளேயே தேய்த்துவிடுவோம். பிரேக் தூசியைக் காய்ந்த நிலையில் ஊதாதீர்கள், முதலில் நனைத்துவிடுங்கள். ஷாம்பு போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். டயர் பாலிஷ் போடும் பழக்கம் உண்டென்றால் இரண்டு முறை அலசி, பிறகு தின்னரால் துடையுங்கள். அதில் உள்ள சிலிக்கான் துளி இருந்தாலும் பெயிண்ட் அந்த இடத்தில் விலகி, மீன்கண் போல வட்ட வட்டமாகக் குழி விழும். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும், ஆனால் எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும். அதைக் கடைசித் துடைப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது.

காய்ந்ததும் சுரண்டுங்கள். உப்பிய பெயிண்டைத் தகட்டுச் சுரண்டியால் பெயர்த்துவிட்டு, கப் பிரஷ்ஷால் துருவை எடுக்க வேண்டும். ஆங்கிள் கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று அளவில் ஓடும் இயந்திரம். பிரஷ்மேல் எழுதியிருக்கும் சுற்று வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருந்தாக வேண்டும். கம்பிகள் தெறித்துச் சட்டையைத் துளைத்துக்கொண்டு தோலில் நிற்கும், கண்ணில் பட்டால் கண் போகும். அதனால் முகக் கவசம் இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள். வேட்டி, லுங்கி, துண்டு எதுவும் உடம்பில் தொங்கக் கூடாது. அனுபவம் இல்லாதவர்களுக்கு டிரில்லில் மாட்டும் பிரஷ் மெதுவானது, பாதுகாப்பானது. துருவுக்கு வெட்டுச் சக்கரமோ கற்சக்கரமோ வேண்டாம், அது இரும்பையே தின்றுவிடும்.

பிறகு 80 எண் உப்புத்தாள், அடுத்து 120, 220. பழைய பூச்சும் இரும்பும் சேரும் ஓரத்தைச் சரிவாகத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. உறுதியாக இருக்கும் கம்பெனிப் பூச்சின் மேல் 400 எண்ணோ பச்சை நாரோ போதும், பளபளப்பு போய் மங்கினால் சரி.

இனி வருவது பலரும் விட்டுவிடும் படி. கடலோர வண்டிகளுக்கு இதுவே உயிர்நாடி. ரிம்மின் குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து, பெயிண்டுக்கு அடியிலும் துருவை வளர்த்துக்கொண்டே இருக்கும். இதைக் கண்டுபிடிக்க, சுரண்டி முடித்த ரிம்மை நல்ல தண்ணீரால் குழிகளெல்லாம் தேய்த்துக் கழுவி, துடைத்து, ஓர் இரவு வெளியே வையுங்கள். மறுநாள் காலை மெல்லிய மஞ்சள் படலம் சீராகப் படிந்திருந்தால் அது சாதாரண ஈரத் துரு, பச்சை நார் போட்டால் போய்விடும். குழிக்குக் குழி ஆரஞ்சுப் புள்ளியாக எழும்பியிருந்தால் உப்பு இன்னும் இருக்கிறது என்று பொருள். திரும்பக் கம்பி பிரஷ், திரும்பக் கழுவல், திரும்ப ஓர் இரவு. புள்ளிகள் எழுவது நிற்கும் வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். நேரம் பிடிக்கும். ஆனால் பெயிண்ட் எத்தனை வருடம் நிற்கப் போகிறது என்பது இந்த இரவுகளில்தான் முடிவாகிறது.

உப்பு போனதும், குழிகளில் மிஞ்சிய துருவுக்கு பாஸ்பாரிக் ஆசிட் வகைத் துரு நீக்கியை பிரஷ்ஷால் தடவுங்கள். அது துருவைக் கரைத்து, இரும்பின்மேல் சாம்பல் நிற பாஸ்பேட் படலத்தை விடும். தானாகக் காய விட வேண்டாம். டப்பாவில் போட்ட நேரம் முடிந்ததும் ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, உடனே ஹேர் டிரையராலோ வெயிலிலோ உலர்த்துங்கள். ஆசிட் மிச்சம் இருந்தால் எப்பாக்சி சரியாகப் பிடிக்காது.

கழிவறை ஆசிட் ஊற்றும் வழக்கத்தைப் பல இடங்களில் பார்க்கிறேன். துரு நொடியில் மறையும் என்பது உண்மை. ஆனால் அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். நாம் இரண்டு இரவு பாடுபட்டு வெளியேற்றிய உப்பின் குளோரைடை அது திரும்பக் குழிகளுக்குள் ஊற்றிவிடும். பிளீச்சிங் பவுடரோடு தப்பித்தவறிச் சேர்ந்தால் நச்சு வாயு வேறு கிளம்பும். வேண்டவே வேண்டாம். மெல்லிய துருவுக்கு ஆசிட் வேண்டும் என்றால் தண்ணீரில் 5 சதவீதம் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற வைக்கலாம், முடிந்ததும் நன்றாக அலச வேண்டும்.

பெயிண்ட் படக் கூடாத இடங்கள்

ரிம்மின் பின்பக்கத்தில் ஹப்போடு ஒட்டும் தட்டையான முகம் ஒன்று. நட்டு உட்காரும் கூம்புகள் மற்றொன்று. இந்த இரண்டிலும் கனமான பெயிண்ட் படிந்தால், ஓட ஓட அது நசுங்கி இடம் கொடுக்கும். முறுக்கி வைத்த இறுக்கம் குறைந்து நட்டு லூசாகும். இரண்டையும் துரு போகச் சுத்தம் செய்து டேப்பால் மூடிவிடுங்கள். நட்டுக் கூம்புக்கு, அதே அளவு பழைய நட்டைச் செருகி வைப்பது எளிது. நடுத்துளையின் உள் விளிம்பையும் மூடுங்கள். டயர் உட்காரும் மேடையில் மெல்லியதாக ஒரு கை ப்ரைமர் போதும், நிறமும் கிளியரும் அங்கே வேண்டாம்.

ப்ரைமர்

பூசும் நாளன்று ரிம்மை முழுவதும் தின்னர் துணியால் துடையுங்கள். ஒரு துணியால் நனைத்து, காய்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் எடுக்க வேண்டும். அதன் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள். வெறும் இரும்பு தெரியும் ரிம்மை அன்றைக்கே, முடிந்தால் நான்கு மணி நேரத்துக்குள், ப்ரைமரால் மூடிவிட வேண்டும்.

எப்பாக்சியின் இரண்டு டின்னையும் தனித்தனியாக அடிவரை கலக்கி, டின்னில் சொன்ன விகிதத்தில் அளந்து சேருங்கள். கண் அளவு உதவாது. கலந்ததும் கால் மணி முதல் அரை மணி நேரம் ஊறவிடச் சொல்லியிருந்தால் அந்த நேரத்தைக் கொடுங்கள். ஒரு ரிம்முக்குத் தேவையானதை மட்டும் கலக்குங்கள், சில மணி நேரத்தில் மிச்சம் இறுகிவிடும். தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வரும், கையுறையைக் கழற்ற வேண்டாம்.

முதல் வேலையாக ஒரு அங்குல பிரஷ்ஷை எடுத்து வெல்டு, வளையமும் நடுத்தட்டும் சேரும் இடுக்கு, காற்றுத் துளை ஓரங்கள், விளிம்பு ஆகிய இடங்களில் மட்டும் குத்திக் குத்திப் பூசுங்கள். பாலம், கப்பல் வேலைகளில் எப்போதும் செய்யும் முன்பூச்சு இது. கூர்மையான ஓரத்தில் பெயிண்ட் இழுத்துக்கொண்டு மெலிந்துவிடும் என்பதால் அங்கே ஒரு பூச்சு கூடுதலாகத் தேவை. அது தொடும் பக்குவத்துக்கு வந்ததும் ரிம் முழுக்க ஒரு பூச்சு, டின்னில் சொன்ன இடைவெளி விட்டு இன்னொரு பூச்சு. பின்பக்கத்துக்கு பிரஷ்ஷே நல்லது, கோடு தெரிந்தால் தெரியட்டும். முன்பக்கத்துக்குச் சின்ன ரோலர் போட்டு, காய்ந்ததும் 400 எண்ணால் சமப்படுத்தலாம்.

எப்பாக்சியை அப்படியே விட்டுவிடவும் கூடாது. வெயிலில் அது சுண்ணாம்புபோல் பொடியும். மேல்பூச்சு போடவேண்டிய கால வரம்பு டின்னில் இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாள். தாண்டிவிட்டால் 400 எண்ணால் மீண்டும் சொரசொரப்பாக்கித்தான் நிறம் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நிறம் தோலாக உரியும்.

நிறமும் கிளியரும்

முன்பக்கத்தை 600 வாட்டர் பேப்பரால் நனைத்துத் தேய்த்து, துடைத்து, முழுவதும் உலர விடுங்கள். ரிம்மை ஒரு வாளியின்மேல் கவிழ்த்து வைத்தால் சுற்றி வந்து அடிக்கலாம். பின்பக்கத்தை முதலில் முடியுங்கள்.

டப்பாவை இரண்டு மூன்று நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள், சில்வரில் அலுமினியத் துகள்கள் அடியில் படிந்திருக்கும். 20 முதல் 25 சென்டிமீட்டர் தள்ளி, ரிம்முக்கு வெளியே பொத்தானை அழுத்தத் தொடங்கி, குறுக்கே போய், வெளியே விடுங்கள். முதல் பூச்சு பனி படர்ந்தாற்போல் மட்டும் இருந்தால் போதும், ப்ரைமர் தெரிகிறதே என்று ஒரே இடத்தில் நின்று அடித்தால் வடியும். 10, 15 நிமிட இடைவெளியில் மொத்தம் மூன்று மெல்லிய பூச்சு. காற்றுத் துளைகளின் உட்சுவருக்கு நான்கு கோணத்திலிருந்தும் அடிக்க வேண்டும். வடிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள். மறுநாள் 600 எண்ணால் தேய்த்து, அந்த இடத்தில் மறுபடி அடித்தால் தெரியாது.

அடித்த பெயிண்ட் காயும்போது பால் வெண்மையாக மங்கினால் காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம். நிறுத்திவிட்டு, உலர்ந்த நாளில் லேசாகத் தேய்த்துத் தொடருங்கள். சில்வர் மேல் கிளியர் இரண்டு பூச்சு கட்டாயம். கிளியர் இல்லாத சில்வரில் பிரேக் தூசி ஒட்டினால் கழுவினாலும் போகாது. கறுப்பு நிறம் பிடித்தவர்கள் அரை மினுமினுப்புக் கறுப்பு அடிக்கலாம். என்னைக் கேட்டால் கடலோர வண்டிக்குச் சில்வர் நல்லது. துரு தலைகாட்டினால் முதல் நாளே கண்ணுக்குத் தெரியும்.

வேலை மொத்தத்தையும் பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுப்பதும் நல்ல வழி. அம்பத்தூர், கோவை போன்ற ஊர்களில் பட்டறைகள் உண்டு. ஏறக்குறைய 180 முதல் 200 டிகிரியில் சுடுவதால் டயரும் வால்வும் இல்லாத வெறும் ரிம்மாகக் கொடுக்க வேண்டும். ஹப் முகத்தையும் நட்டுக் கூம்புகளையும் மூடித்தான் அடிக்க வேண்டும் என்று நேரில் காட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். கட்டிலும் பீரோவும் அடித்துப் பழகியவர்கள் முழுவதும் அடித்துவிடுவார்கள்.

திரும்ப மாட்டுதல்

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காக அன்றே மாட்டாதீர்கள். ஸ்ப்ரே பெயிண்ட் முழுமையாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அவசரமென்றால் குறைந்தது இரண்டு நாள் போகட்டும், பஞ்சர் கடை இயந்திரத்தின் பிடிகளுக்கு இளம் பெயிண்ட் தாங்காது. பிடிகளில் ரப்பர் உறை போட்டு மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள். புது வால்வு, டயர் ஓரத்துக்குச் சோப்புக் கரைசல், பிறகு பேலன்சிங். பழைய ஈயங்களை எடுத்துவிட்டதால் பேலன்சிங் தவிர்க்க முடியாது. ஈயம் தட்டிய இடத்தில் பெயிண்ட் கீறியிருந்தால் வீட்டுக்கு வந்ததும் ப்ரைமரையும் நிறத்தையும் தீக்குச்சி முனையில் தொட்டு வையுங்கள்.

வண்டியில் ஹப் முகத்தையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நடு வட்ட விளிம்பில் மட்டும் தாமிரம் கலந்த ஒட்டாமைப் பசையை மெல்லியதாகத் தடவுங்கள். போல்ட் மரைகளில் எண்ணெய், கிரீஸ் எதுவும் கூடாது. வழுக்கலால் நட்டு அளவுக்கு மீறி இறுகும். நட்டுகளைக் கையால் மரை ஏற்றி, எதிரெதிராக இறுக்கி, வண்டியை இறக்கி, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். சிறு கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். டார்க் ரெஞ்ச் இல்லையென்றால் டயர் கடையில் கேட்டுச் செய்துகொள்ளுங்கள். வீல் ஸ்பேனரின் மேல் ஏறி நின்று மிதிப்பது அளவுக்கு மேல் இறுக்கிவிடும்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை அதே அளவுக்கு முறுக்கிப் பாருங்கள். பெயிண்ட் அடித்த ரிம்முக்கு இது கட்டாயம்.

மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை வீல் கேப்பைக் கழற்றி, சேற்றைக் கழுவி, உலர்ந்த பிறகு மாட்டுங்கள். கடற்கரை மணலில் வண்டியை இறக்கினால் அன்று இரவே ரிம்மின் பின்பக்கம்வரை நல்ல தண்ணீர் அடித்து விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டயரை இடம் மாற்றிப் போடும்போது பின்பக்க இடுக்கை டார்ச் அடித்துப் பார்த்து, கீறல் தெரிந்தால் அங்கேயே ப்ரைமர் தொட்டு வைத்துவிடுங்கள்.